பின்னட்டை படிக்கிறவர்

சோப்பை எடுத்தார். முகப்பில் சிரித்துக்கொண்டிருந்த பெண்ணை ஏறெடுத்தும் பார்க்காமல் கட்டைவிரலால் ஒரு தள்ளு தள்ளிப் பின்பக்கம் திருப்பினார். சட்டைப்பையிலிருந்து சின்னப் பூதக்கண்ணாடி வெளியே வந்தது. எடை, தயாரித்த மாதம், தயாரித்த இடம், உள்ளே இருப்பவை என்று உதடு அசைய ஒவ்வொரு வரியாகப் படித்தார். பிறகு அதே சோப்பின் பழைய உறை ஒன்றை இன்னொரு பையிலிருந்து உருவிப் பக்கத்தில் வைத்தார். ஐந்து கிராம் குறைந்திருந்தது. புதையல் கிடைத்தவர்போல முகம் மலர்ந்து, உறைக்கு மேலேயே விரலால் அழுத்திக் காட்டினார். "பிடிச்சிட்டேன் பாருங்க சார். நடுவுல குழி தோண்டியிருக்காங்க." இத்தனை நாளும் அந்தப் பள்ளத்தை நான் அழகுக்காக என்று நினைத்துத் தேய்த்துக் குளித்துக்கொண்டிருந்தேன்.

கடைக்காரருக்கு இதெல்லாம் பழகிப்போன விஷயம். பின்னட்டை வந்தாச்சு, இனி அந்த வரிசையில் ஈ எறும்பு நகர முடியாது என்று கல்லாவில் உட்கார்ந்தபடியே சலித்துக்கொள்வார். ஆனால் தன் வீட்டுக்கு மிக்ஸி வாங்கப் போனபோது கடையை மச்சானிடம் விட்டுவிட்டு இவரைத்தான் கூட்டிக்கொண்டு போனார்.

பின்னட்டை என்பது எங்கள் குடியிருப்பு அவருக்குச் சூட்டிய பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். இப்போது முகத்துக்கு நேரேயே கூப்பிடுகிறார்கள். அவர் கோபித்துக்கொள்வதில்லை. கேட்டால் ஒரு விளக்கம் வைத்திருக்கிறார்: "முன்னாடி இருக்கறது அவங்க சொல்ல ஆசைப்படறது. பின்னாடி இருக்கறது சொல்லித் தொலைக்க வேண்டியது. எதை நம்புவீங்க, நீங்களே சொல்லுங்க."

நாற்பத்திரண்டு வயது. ஒடிசலான உடம்பு. வலதுகை விரல் நகங்களின் ஓரத்தில் எந்தச் சோப்புக்கும் போகாத நீல மை. ஊருக்கு வெளியே இருக்கும் ஓர் அச்சகத்தில் மிஷின் ஓட்டுகிறார். புத்தகம் அச்சடிக்கும் இடமல்ல; பிஸ்கட், சோப்புத்தூள், தேயிலை, பற்பசை என்று நாம் கிழித்துப் போடும் உறைகளை ரோல் ரோலாக அடித்துத் தள்ளும் இடம். பதினாறு வருடமாக அங்கே நிற்கிறார். "மின்னுது மின்னுதுன்னு வாங்குறாங்களே, அந்த மினுமினுப்பைப் போடறதே நான்தான் சார்" என்று ஒருமுறை சொன்னார். அலுத்துக்கொள்கிறாரா, பெருமைப்படுகிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை.

அவருடைய விசாரணை முறைகளைத் தனியாக ஒரு கட்டுரையாகவே எழுதலாம். இணையத்தில் ஐந்து நட்சத்திரம் கொடுத்துப் புகழ்ந்திருப்பவர்களை அவர் திரும்பியும் பார்ப்பதில்லை. ஒற்றை நட்சத்திரம் போட்டுத் திட்டியிருப்பவர்களையும் சேர்ப்பதில்லை. ஒருத்தர் கூலிக்கு மாரடிக்கிறார், இன்னொருத்தர் வீட்டுக்காரியோடு சண்டை போட்டுவிட்டு வந்து எழுதுகிறார் என்பது அவர் கட்சி. "மூணு ஸ்டார் போட்டிருக்கான் பாருங்க, அவன்தான் நிஜமா வாங்கினவன். கைப்பிடி சூடாகுதுன்னு சொல்வான், ஆனா தண்ணி சீக்கிரம் கொதிக்குதுன்னும் சொல்வான்." உறையில் போட்டிருக்கும் உரிம எண்ணை அரசாங்கத் தளத்தில் தட்டிப் பார்ப்பார். புகாருக்கு என்று கொடுத்திருக்கும் தொலைபேசி எண்ணுக்கு, புகார் எதுவும் இல்லாதபோதே கூப்பிட்டு, யாராவது எடுக்கிறார்களா என்று சோதிப்பார். எடுத்தால் நலம் விசாரித்துவிட்டு வைத்துவிடுவார்.

பழைய உறைகளைக் கழுவித் துடைத்துத் தேதி எழுதி ஆல்பத்தில் செருகி வைத்திருக்கிறார். மற்ற வீடுகளில் கல்யாணப் படங்கள் இருக்கும் அலமாரியில் இவர் வீட்டில் பதினொரு ஆல்பம் உறை. அவர் மனைவி மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர், வாய்த்துடுக்கு உள்ளவர். "பழைய பிரஷ் வழுக்கையாகிற வரைக்கும் புது பிரஷைப் பத்தி விசாரிச்சிட்டே இருப்பார். நாங்க விரலாலதான் பல் தேய்க்கறோம்" என்று என் மனைவியிடம் சொல்லிச் சிரித்தார். அதே அம்மாள், இஸ்திரிப்பெட்டி வாங்கப் போன பக்கத்து வீட்டுக்காரியைப் பாதி வழியில் மடக்கி, அவரைக் கேட்காமல் வாங்கி ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று திருப்பி அனுப்பியதையும் நான் பார்த்தேன்.

எனக்கு அவர்மேல் வெறும் வேடிக்கை மட்டும் இருந்த காலம் ஒன்று உண்டு. நான் விளம்பரப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே சாமான் வாங்குகிற ரகம். என் மனைவியின் தொண்டைதான் என்னை அவருடைய ரசிகனாக்கியது.

என் மனைவிக்கு வேர்க்கடலை ஆகாது. ஆகாது என்றால் பிடிக்காது என்று அர்த்தமில்லை. ஒரு துணுக்கு உள்ளே போனாலும் உதடு தடித்து, தொண்டை வீங்கி, மூச்சு அடைக்கும். இரண்டு முறை ஆஸ்பத்திரி வாசலை மிதித்துவிட்டு வந்தவள். அதனால் பதினொரு வருடம் கடையில் விற்கிற எந்தத் தின்பண்டத்தையும் தொடவில்லை. விருந்துக்குப் போனால் தன் வீட்டு டப்பாவைத் திறந்து ஓரமாக உட்கார்ந்து சாப்பிடுவாள். அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது, தேநீரில் ஒரு பிஸ்கட்டை நனைத்துத் தின்ன வேண்டும். இது எப்படியோ பின்னட்டையின் காதில் விழுந்துவிட்டது.

மூன்று வாரம் அவர் தூங்கினாரா என்று எனக்குச் சந்தேகம். பத்தொன்பது வகைப் பிஸ்கட். ஒவ்வொன்றின் உறை, தயாரிக்கும் இடம், அந்த இடத்தில் வேறென்ன செய்கிறார்கள், ஒரே இயந்திரமா வேறு வேறா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி வந்து, மூச்சு வாங்க, ஒரு பொட்டலத்தை மேஜையில் வைத்தார். பின்னால் ஒரு வரி: வேர்க்கடலை நுழையாத தனிக்கூடத்தில் தயாரிக்கப்பட்டது. நிறுவனத்துக்கு மூன்று முறை பேசி, எழுத்தில் பதிலும் வாங்கியிருந்தார். "தைரியமா சாப்பிடுங்கக்கா. நான் கேரண்டி" என்றார். என் மனைவி நனைத்தாள். பாதி உடைந்து தேநீருக்குள் விழுந்தது. அதை ஸ்பூனால் எடுத்துத் தின்றுவிட்டு அழுதாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அன்றிலிருந்து பதினான்கு மாதம் எங்கள் வீட்டில் அந்தப் பிஸ்கட் தீர்ந்ததே இல்லை.

போன மாதம் அவர் இன்னொரு முறை மாடிப்படியைத் தாவி வந்தார். அந்தப் பிஸ்கட் உறை புதுப்பொலிவோடு மாறுகிறதாம், அந்த வேலை அவர்களுடைய அச்சகத்துக்கே வந்திருக்கிறதாம். முதல் ரோலை ஓட்டியவரே இவர்தான். "உங்க பிஸ்கட்டு இனிமே என் கையாலதான்க்கா சட்டை போட்டுக்கும்" என்றார். நாங்கள் மூவரும் ஏதோ சொந்தக்காரர் வீட்டு விசேஷம்போல மகிழ்ந்தோம். உறையில் ஒன்றும் கவலைப்பட வேண்டாமே என்று என் மனைவி ஒரு பேச்சுக்குக் கேட்டாள். நானே பார்த்து ஓட்டினது, அப்புறம் என்ன என்றார்.

கையிருப்பில் பழைய பொட்டலங்கள் இருந்ததால் புதுச் சட்டை போட்ட பொட்டலம் இரண்டு வாரத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை சாயங்காலம்தான் எங்கள் மேஜைக்கு வந்தது. தங்க நட்சத்திரமும் ஆரஞ்சு வட்டமுமாகப் பளபளவென்று இருந்தது. பின்னட்டை அன்று வந்ததே வேறு வேலையாக. நான் வாங்க நினைத்த மின்விசிறியைப் பற்றி எச்சரிக்க வந்திருந்தார். என் மனைவி பொட்டலத்தைக் கத்தரித்து, ஒன்றை எடுத்துத் தேநீரில் நனைக்கப் போனாள். விசிறியைப் பற்றிப் பேசிக்கொண்டே அவர் கை தானாகப் பொட்டலத்தை எடுத்துத் திருப்பியது. இந்த மாதிரி உறைகளின் முதுகில், இரண்டு ஓரத்தையும் சேர்த்து ஒட்டிய பட்டை ஒன்று மேலிருந்து கீழாக ஓடும். ஒரு பக்கமாக மடிந்து படுத்திருக்கும் அந்தப் பட்டையை அவர் நகத்தால் நிமிர்த்தினார். பேச்சு பாதியில் நின்றது.

"அக்கா. கையில இருக்கறதைக் கீழ வைங்க."

குரல் உயரவே இல்லை. என் மனைவி கீழே வைத்தாள். விரல்களையும் கழுவச் சொன்னார். கழுவினாள். பட்டைக்கு அடியில், வெளியே தெரியாமல் படுத்திருந்த ஓரத்தில், பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. பூதக்கண்ணாடியை வாங்கி நானே படித்தேன்: வேர்க்கடலை, எள் பயன்படுத்தும் இயந்திரத்தில் தயாரிக்கப்பட்டது.

அச்சகத்தில் உறை விரித்த நிலையில்தான் ஓடும். விரித்துப் பார்த்தால் அந்த வரி ஓரமாக, தெளிவாக, எல்லோர் கண்ணுக்கும் தெரியும். நிறுவனத்தார் அனுப்பிய வடிவம் அப்படி. மடித்து ஒட்டும்போதுதான் அது உள்ளே போய் ஒளிந்துகொள்கிறது. அதை ஓட்டியவர் இவர். மாதிரியைச் சரிபார்த்ததாகக் கையெழுத்துப் போட்டவரும் இவரே. ஊரில் உள்ள உறையையெல்லாம் படிக்கிறவர், தான் அச்சடித்ததை எப்படி விட்டார் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. கேட்டே விட்டேன்.

"மிஷின்ல நிக்கும்போது படிக்க மாட்டோம் சார். நிறம் நிறத்து மேல உட்காருதா, எழுத்து கலங்குதா, அதைத்தான் பார்ப்போம். அந்த வரியை நான் ஆயிரம் தடவை பார்த்திருக்கேன். ஒரு தடவைகூடப் படிக்கல." சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். விளக்கின் அடியில்தான் இருட்டு என்பார்கள். விளக்குக்கே அது தெரியவந்தால் எப்படி இருக்கும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஆனால் அந்த மனிதர் உட்கார்ந்து அழுகிற ஜாதி இல்லை. ஓடிப்போய் ஆல்பத்தை எடுத்து வந்தார். பழைய உறையில் தனிக்கூடம் என்ற வரி, புது உறையில் அது இல்லை. தயாரிக்கும் இடத்தின் குறியெழுத்தும் மாறியிருந்தது. "இடமே மாறியிருக்கு" என்று மேஜையைத் தட்டினார். கண்ணில் வேட்டைக்காரன் களை வந்துவிட்டது. புகார் எண்ணுக்குப் போட்டார். பேசிய பெண், தங்கள் பொருட்கள் உயர்ந்த தரத்தில் தயாராகின்றன என்று ஒப்பித்தாள். "நீங்க பதில் சொல்றீங்களாம்மா, எழுதி வெச்சதைப் படிக்கறீங்களா? படிக்கறீங்கன்னா, சொல்லத் தெரிஞ்சவங்களைக் கூப்பிடுங்க" என்றார், மரியாதையாகத்தான். நான்காவது அழைப்பில் ஒரு மேலாளர் சிக்கினார். குடைந்து குடைந்து கேட்டதில், புது உறை வந்ததிலிருந்து வேறு ஆலையில் தயாராகிறது என்பதும், அங்கே வேர்க்கடலை உருண்டையும் செய்கிறார்கள் என்பதும், எச்சரிக்கைதான் உறையிலேயே இருக்கிறதே என்பதும் வெளியே வந்தன. எங்கே இருக்கிறது, பொட்டலத்தைக் கையில் எடுத்துத் தேடிப் பாருங்கள், நான் காத்திருக்கிறேன் என்றார் இவர். ஸ்பீக்கரில் பொட்டலம் கசங்கும் சத்தம் நெடுநேரம் கேட்டது. அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. நானும் என் மனைவியும் கோல் அடித்ததுபோல் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டோம்.

கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்பியது திங்கட்கிழமை. அச்சக முதலாளியிடம் விஷயத்தை இவரே போய்ச் சொன்னார். அவர் கெட்டவரில்லை, பயந்தவர். வடிவம் கொடுத்தது அவர்கள், அடித்தது நாம், நமக்கெதற்கு வம்பு, சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுக்காதே என்றாராம். மேற்கொண்டு கிளறினால் நிறுவனம் கையெழுத்துப் போட்ட மாதிரியை எடுத்து நீட்டும், பழி இங்கே வந்து விழும், வேலை வேறு அச்சகத்துக்குப் போகும், முப்பது குடும்பம் இதை நம்பி இருக்கிறது. எல்லாம் நியாயம்தான். "கையெழுத்து என்னோடது. பழியும் என்னோடதுன்னு எழுதிக் கொடுத்துடறேன். ஆனா அந்த உறை கடையில இருக்கக்கூடாது முதலாளி" என்றிருக்கிறார். எழுதிக்கொடு, நாளையிலிருந்து மிஷின் பக்கம் வராதே என்று முதலாளியும் சொல்லிவிட்டார்.

எழுதிக் கொடுத்தார். ஒரு நகலை நிறுவனத்துக்கும், ஒன்றை உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் அனுப்பினார். பட்டை படுத்திருக்கும் படம், நிமிர்த்திய படம், இரண்டும் இணைப்பு. பதில் வரும்வரை வீட்டில் சும்மா இருக்கவில்லை. வேலை போன மனிதர் வேலைக்குப் போவதைவிடச் சீக்கிரமாகக் கிளம்பினார். சுற்றுவட்டாரத்தில் நாற்பத்தேழு கடை. நானும் ஒட்டிக்கொண்டேன். ஒவ்வொரு கடையிலும் ஒரு பொட்டலத்தை எடுத்துப் பட்டையை நிமிர்த்திக் காட்டி, யாராவது வேர்க்கடலை ஆகாது என்று சொல்லி வாங்கினால் தடுத்துவிடுங்கள் என்றார். இரண்டு பேர் விரட்டினார்கள். ஒருவர் எந்தக் கம்பெனி ஆள் நீ என்று சந்தேகப்பட்டார். மிக்ஸி வாங்கிய எங்கள் கடைக்காரர் மட்டும் ஒன்றும் கேட்காமல் முழுப் பெட்டியையும் இறக்கி உள்ளே வைத்தார். மூன்றாவது தெருவில் ஒரு கடைக்காரம்மா பட்டைக்கு அடியில் இருந்ததைப் படித்துவிட்டு, உடனே கைப்பேசியை எடுத்துத் தன் தங்கையைக் கூப்பிட்டு, பாப்பாவுக்கு அந்தப் பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டாயா என்று கேட்டார். இன்னும் கொடுக்கவில்லை. அந்த அம்மாள் எங்களுக்கு உட்கார நாற்காலி போட்டார். தெருவில் இறங்கியதும் பின்னட்டை என் தோளைப் பிடித்து உலுக்கி, ஒண்ணு சார், ஒண்ணு என்று துள்ளினார். எனக்கும் துள்ள வேண்டும்போலத்தான் இருந்தது. வயது காரணமாக அடக்கிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் நிறுவனத்திடமிருந்து பதில் வந்தது, இவருக்கல்ல, முதலாளிக்கு. கடைகளில் இருக்கும் பொட்டலங்களைத் திரும்ப எடுக்கிறார்கள். எச்சரிக்கையை முதுகில், பட்டை மறைக்காத இடத்தில் பெரிதாகப் போட்டுப் புது வடிவம் அனுப்புகிறார்கள். அதையும் இங்கேயே அடிக்க வேண்டும். குறையைக் கண்டுபிடித்துச் சொன்ன அச்சகம் என்று கடிதத்தில் ஒரு பாராட்டு வேறு. முதலாளி அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு இவர் வீட்டு வாசலில் வந்து நின்றார். மன்னிப்பு என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. நாளைக்கு மிஷின் துடைக்க ஆள் இல்லை என்றார். அதற்கு இவர் மனைவி, துடைக்கிற துணியைப் பற்றி விசாரித்து முடிக்கவே அவருக்கு ஒரு வாரம் ஆகுமே என்றார்.

நேற்று காலை எங்கள் கதவு தட்டப்பட்டது. கையில் புது உறையின் மாதிரி, அச்சகத்தின் சரிபார்ப்புத் தாள், கத்தரிக்கோல், பசை. மேஜையில் இடம் ஒதுக்கச் சொன்னார். உறையைக் கோடு பிசகாமல் வெட்டினார். ஒரு பழைய டப்பாவைச் சுற்றி மடித்தார், ஓரங்களைச் சேர்த்து ஒட்டினார், பட்டையைப் படுக்க வைத்தார். நிஜப் பொட்டலம் மாதிரியே ஆனதும் என் மனைவியிடம் நீட்டி, எச்சரிக்கை எங்கே இருக்கிறது என்று தேடச் சொன்னார். அவள் கண்ணாடிகூடப் போடவில்லை. எடுத்த எடுப்பில் விரலை வைத்துவிட்டாள். வைத்த விரலை உடனே எடுக்கவும் இல்லை. இனி அந்தப் பிஸ்கட் அவளுக்கு இல்லை என்று அந்த வரிதான் சொல்லிக்கொண்டிருந்தது.

"வேற ஒண்ணு தேடிட்டிருக்கேன்க்கா. இருபதாவது" என்றார் மெதுவாக.

தேடுங்க தம்பி, நானும் கூட இருந்து படிக்கிறேன் என்றாள் அவள். பிறகு மேஜையில் கிடந்த சரிபார்ப்புத் தாளைப் பார்த்து, திங்கட்கிழமை ஓட வேண்டுமே, இன்னும் கையெழுத்துப் போடவில்லையா என்று கேட்டாள். அவர் தாளை எடுத்து, 'படித்துப் பார்த்தேன்' என்ற கட்டம் அவள் பக்கமாக வரும்படி திருப்பி வைத்தார். சட்டைப்பையிலிருந்த பேனாவின் மூடியைக் கழற்றி, அவளிடம் நீட்டினார்.